பெரிய காற்றை அடக்கும் சின்னக் காற்று: ஏர் ஜெட்டுக்குக் கடிவாளம் போடுவது எப்படி?

மாரண்டஹள்ளியில் தக்காளி சீசன் நேரத்தில் ஏதாவது ஒரு பஞ்சர் கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். லோடு ஏற்ற வந்த மினி லாரியின் டயரைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். கடைக்காரர் ஏர் ஹோஸை எடுத்து, ரிம்மில் ஒட்டியிருக்கும் தூசியை 'புஸ்ஸ்ஸ்' என்று ஊதித் தள்ளுவார். பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்த இரண்டு நொடி பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஹோஸுக்குள்ளிருந்து என்றுதான் தோன்றும். உண்மையில் அதில் பெரும்பங்கு பிறப்பது ஹோஸுக்கு வெளியே. வேகமாக வெளியே வந்த காற்றும், வெளியில் சும்மா நின்றுகொண்டிருக்கும் காற்றும் உரசிக் குழம்புகிற இடம் அது.

இப்படிச் சின்ன வாய் வழியாக வேகமாகப் பீறிடும் காற்றுக்குத்தான் ஏர் ஜெட் என்று பெயர், தமிழில் காற்றுத்தாரை. விமான இன்ஜினுக்குப் பின்னால் சீறுவதும், ராக்கெட்டின் அடியில் கொட்டும் நெருப்பும் இதே குடும்பம்தான். இந்தத் தாரையை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேண்டிய நேரத்தில் அகலமாக்க, இரண்டாகப் பிரிக்க, பக்கவாட்டில் திருப்ப, சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக முயன்று வருகின்றன. தாரை பெரிதாக இருந்தால் அதை அடக்க அதே அளவு பெரிய சக்தி வேண்டும் என்று நினைப்போம். தேவையே இல்லை என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பு.

ஊதுபத்தி சொல்லும் பாடம்

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியை ஏற்றி வையுங்கள். புகை முதலில் நூல் பிடித்த மாதிரி நேராக எழும். கொஞ்ச உயரம் போனதும் லேசாக நெளியும். அப்புறம் ஒரேயடியாகக் கலைந்துவிடும். நூல் போல இருக்கும் இடத்தில் லேசாக ஊதினால், அந்தச் சின்ன அசைவு மேலே போகப் போகப் பெரிதாகிறது. கலைந்துபோன இடத்தில் அதே அளவு ஊதினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

காற்றுத்தாரையிலும் இதுதான் கதை. நாசிலின் விளிம்பை விட்டு வெளியே வரும் மெல்லிய உரசல் அடுக்கு நிலையில்லாதது. ஒரு சின்னத் தள்ளல் கிடைத்தால் போதும், சுருண்டு வளையமாகிவிடும். சிகரெட் பிடிப்பவர்கள் விடும் புகை வளையத்தைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல் வளையங்கள் கிளம்பும். அவை ஒன்றையொன்று துரத்தி, சேர்ந்து, உடைந்து போகும்போதுதான் வெளிக்காற்று உள்ளே கலக்கிறது, சத்தமும் பிறக்கிறது. ஆகவே தாரையை மாற்ற விரும்புகிறவர் முழுத் தாரையோடும் மல்லுக்கட்ட வேண்டாம். விளிம்பில், சரியான நேரத்தில், லேசாகத் தட்டினால் போதும். மீதி வேலையைத் தாரையே செய்துகொள்ளும்.

செல்லோவுக்கு ஆடிய சுடர்

இதை முதலில் கவனித்தவர் ஆய்வகத்தில் இல்லை, ஒரு வீட்டுக் கச்சேரியில் இருந்தார். ஜான் லெகாண்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர். பிற்பாடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். மின்விளக்கு வராத காலம். சுவரில் காஸ் விளக்குகள். கச்சேரி நடக்கும்போது ஒரு காஸ் சுடர் இசைக்குத் தகுந்தபடி குதிப்பதைக் கண்டார். குறிப்பாக செல்லோவின் சுரங்களுக்கு. 1858-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்.

அவர் கவனித்ததில் முக்கியமான விஷயம் வேறு. எல்லாச் சுடரும் ஆடவில்லை. காஸின் அழுத்தம் ஏறி, சுடர் கிட்டத்தட்ட தானாகவே படபடக்கப் போகிற நிலையில் இருந்தால்தான் இசைக்கு மசிந்தது. அதாவது, கவிழ்கிற விளிம்பில் நிற்கும் ஓட்டத்தைத்தான் வெறும் ஒலியால் கவிழ்க்க முடியும்.

நூறு வருஷம் தாண்டி, 1971-ல் குரோ, ஷாம்பேன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை அளவுகோல் வைத்துச் செய்து பார்த்தார்கள். நாசிலுக்கு முன்னால் ஒரு ஒலிபெருக்கியை வைத்து, தாரையின் வேகத்தில் வெறும் 2 சதவீத அளவுக்கு மட்டும் அதிர்வு கொடுத்தார்கள். எந்த அதிர்வெண்ணுக்குத் தாரை அதிகமாக மசிகிறது என்று தேடியதில் ஒரு எண் கிடைத்தது. அதிர்வெண்ணை நாசிலின் விட்டத்தால் பெருக்கி, தாரையின் வேகத்தால் வகுத்தால் விடை 0.3 வர வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுவதற்கு ஒரு தாளம் இருக்கிறதல்லவா, தாரைக்கு அந்தத் தாளம் இது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 300 மீட்டர் வேகம், ஒரு மீட்டர் விட்டமுள்ள நாசில் என்றால் நொடிக்கு 90 அதிர்வு: வயிற்றில் அதிரும் பாஸ் ஒலி. அதே வேகம், ஆய்வகத்தில் வைக்கும் 2.5 சென்டிமீட்டர் நாசில் என்றால் 3,600 அதிர்வு: காதைத் துளைக்கும் விசில். இந்த இரண்டு எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1980-களில் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் ரெனால்ட்ஸ் குழு இன்னொரு படி போனது. நேராக அதிரும் ஒலியோடு, நாசிலின் வாயையும் லேசாகச் சுற்றி ஆட்டினார்கள். முதல் அதிர்வெண் இரண்டாவதைப் போலச் சரியாக இரண்டு மடங்கு இருந்தபோது, சுழல் வளையங்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகப் போய், ஒரே தாரை ஒய் எழுத்து மாதிரி இரண்டாகப் பிரிந்தது. விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினால் வளையங்கள் எல்லாத் திசையிலும் சிதறி, தாரை தீபாவளிப் புஸ்வாணம் போல விரிந்தது. அந்தப் புகைப்படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் ஏதோ கிராஃபிக்ஸ் என்றுதான் தோன்றும்.

ஆணி அடிப்பதும் வால்வு வைப்பதும்

தாரையைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாசிலின் வாயிலேயே ஏதாவது ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுவது. சின்னத் தகடு, குறுக்குக் கம்பி, பல் பல்லாக வெட்டிய விளிம்பு, எதுவாகவும் இருக்கலாம். பெங்களூருவிலோ சென்னையிலோ ஆகாசா ஏரின் 737 மேக்ஸில் ஏறப் போகும்போது இன்ஜினின் பின்விளிம்பைப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதற்கு ஷெவ்ரான் என்று பெயர். உள்ளே இருந்து வரும் காற்றையும் வெளிக்காற்றையும் மெதுவாகக் கலக்க வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு. ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்த இ. ராதாகிருஷ்ணன் இந்த வகையில் உலக அளவில் பெயர் பெற்றவர். இப்படிப் பொருத்தும் தகடு எவ்வளவு நீளம் வரை போகலாம் என்ற எல்லையையே ராதாகிருஷ்ணன் வரம்பு என்று அழைக்கிறார்கள்.

இதில் ஒரு தலைவலி. அடித்த ஆணியைப் பிடுங்க முடியாது. சத்தம் குறைய வேண்டியது விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மேலே போன பிறகு மூன்று மணி நேரமும் அந்தப் பல் ஓட்டத்தோடு உரசிக்கொண்டே, உந்துவிசையில் கொஞ்சத்தைத் தின்றுகொண்டே வரும். போயிங் 2005-ல் சூட்டுக்குத் தகுந்தபடி வளையும் உலோகத்தில் ஷெவ்ரான் செய்து, ஒரு 777 விமானத்தில் பறக்கவிட்டே பார்த்தது.

வேண்டும்போது மட்டும் வேலை செய்து, வேண்டாதபோது ஒதுங்கிக்கொள்வது இரண்டாவது வகை: ஆக்டிவ் கன்ட்ரோல். இது ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரம் இல்லை. தர்மபுரி மாவட்டத்துக் களங்களில் ராகி தூற்றும்போது காற்று வரும்வரை காத்திருந்து, அது வீசும் பக்கம் பார்த்து நின்றுதான் தூற்றுவார்கள். காற்றின் மேல் நமக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் கடையில் வாங்கும் அரிசி மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று அச்சடித்திருக்கிறதே, அது வேறு கதை. அந்த மெஷினில் அரிசி அருவி மாதிரி கொட்டும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்பு மணி தெரிந்த அடுத்த கணம், நேர் எதிரே இருக்கும் குட்டி வால்வு திறந்து, சில மில்லி நொடி நேரம் மட்டும் காற்று பாயும். அந்த ஒரு மணி வெளியே விழும். பார்ப்பது, முடிவெடுப்பது, ஊதுவது என்ற அதே மூன்று வேலைதான் விமான ஆய்வகத்திலும்.

சத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

பல்லாவரம், பொழிச்சலூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போனில் பேசிக்கொண்டே இருக்கும்போது 'ஒரு நிமிஷம், ஃப்ளைட் போகட்டும்' என்பது அங்கே அன்றாட வசனம்.

ஜேம்ஸ் லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் 1952-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். தாரை எழுப்பும் ஒலியின் சக்தி, அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியின் சக்தி 256-ல் ஒரு பங்காகிவிடும். இன்றைய விமான இன்ஜின்கள் அண்டா அண்டாவாகப் பெருத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் எரிபொருளும் மிச்சம், சத்தமும் குறைவு. போர் விமானங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. செங்குத்தாக இறங்கும் விமானங்களில் இன்னும் மோசம். தாரை தரையில் மோதும், அந்தச் சத்தம் திரும்ப மேலே ஓடி நாசில் விளிம்பைத் தட்டும், அங்கே புதுச் சுழல் கிளம்பும், அது மறுபடி தரையில் மோதும். முடிவில்லாத வட்டம். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆல்வி, குரோதபள்ளி குழுவினர் நாசிலைச் சுற்றி 0.4 மில்லிமீட்டர் துளைகள் வைத்து, அவற்றில் இருந்து மெல்லிய காற்று ஊசிகளைப் பாய்ச்சி இந்த வட்டத்தை அறுத்துக் காட்டினார்கள்.

உங்கள் லேப்டாப்புக்கும் இதில் பங்கு இருக்கிறது. விசிறி இல்லாமல், அதிரும் தகடுகளால் காற்றை உறிஞ்சி ஊசித் தாரையாக அடித்து சிப்பைக் குளிர்விக்கும் 'ஏர்ஜெட்' என்ற மெல்லிய சில்லை, அமெரிக்காவின் ஃப்ரோர் சிஸ்டம்ஸ் 2022-ல் அறிவித்தது.

பிஎஸ்எல்வி படத்தை ஜூம் செய்து பாருங்கள்

சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். தாரையைத் திருப்புவதில் இந்தியாவிடமே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. சந்திரயான்-1, மங்கள்யான் இரண்டையும் சுமந்து போனது பிஎஸ்எல்வி. அதன் முதல் கட்டம் 139 டன் திட எரிபொருள் கொண்டது. பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது, புத்தாண்டு ராக்கெட் மாதிரிதான். ஆனால் வழி தவறாமல் திருப்பியாக வேண்டும். பொதுவாக என்ன செய்வார்கள் என்றால், நாசிலையே அசைப்பார்கள். எல்விஎம்3-ன் பக்கவாட்டு பூஸ்டர்களில் அப்படித்தான். பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் நாசில் அசையாது.

ராக்கெட்டின் அடிப்பகுதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒட்டியிருக்கும் தடித்த பூஸ்டர்களுக்கு நடுவே இரண்டு ஒல்லியான குழாய்கள் தெரியும். பலர் அவற்றையும் பூஸ்டர் என்றே நினைக்கிறார்கள். அவை திரவத் தொட்டிகள். உள்ளே ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் என்ற உப்பின் கரைசல். ராக்கெட் ஒரு பக்கம் சாய்வதாகக் கருவிகள் சொன்னால், நாசிலின் சுவரில் தேவையான பக்கத்து வால்வு மட்டும் திறந்து, கரைசல் உள்ளே பீய்ச்சப்படும்.

உள்ளே ஓடுவது ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பாயும் தீ. ஆற்று வெள்ளத்தின் குறுக்கே பாறையைப் போட்டதுபோல, கரைசல் அந்த ஓட்டத்துக்குத் தடையாக நிற்கிறது. ஒலியை மீறிய ஓட்டம் என்பதால் அங்கே ஓர் அதிர்ச்சி அலை எழுகிறது. அந்தப் பக்கத்துச் சுவரில் மட்டும் அழுத்தம் ஏறுகிறது. போதாக்குறைக்கு அந்த உப்பும் சூட்டில் சிதைந்து வாயுவாகிக் கூடுதல் வலு சேர்க்கிறது. ஏறிய அழுத்தம் ராக்கெட்டின் வாலைப் பக்கவாட்டில் தள்ள, முனை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஒரு பிரம்மாண்டத் தாரையை, அதற்குள் பீய்ச்சிய கொஞ்சம் திரவத்தால் வளைப்பது! பிஎஸ்எல்வி முதன்முதலில் வெற்றிகரமாகப் பறந்தது 1994 அக்டோபர் 15. அன்றிலிருந்து இதே முறைதான்.

சென்னையில் ஓர் எரிகலனை அமைதிப்படுத்திய கதை

பிஎஸ்எல்வியில் எந்தப் பக்கம் பீய்ச்ச வேண்டும் என்பது தெளிவு. எங்கே தட்ட வேண்டும் என்பதே தெரியாத இடங்களும் உண்டு. எரிவாயு டர்பைனின் எரிகலன் அப்படி ஒன்று. உள்ளே தீ எரியும்போது சத்தம் எழும். அந்தச் சத்தம் கலனின் சுவர்களில் எதிரொலித்துத் தீயை ஆட்டும். ஆடும் தீ இன்னும் பெரிய சத்தம் எழுப்பும். அழுத்தம் ஏறும் அதே கணத்தில் வெப்பமும் கூடினால் அதிர்வு வளரும் என்று ராலே பிரபு 1878-லேயே சொல்லிவிட்டார். வளர்ந்தால் இன்ஜின் பாகங்கள் விரிசல் விடும். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜினைச் செய்தவர்களைத் தூங்கவிடாமல் அடித்த பிரச்சினையும் இதே வகைதான்.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் ஆர். ஐ. சுஜித்தின் குழு பல ஆண்டுகளாக இதில் வேலை செய்கிறது. அவர்கள் பிடித்த நூல் சுவாரசியமானது. வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் எல்லாருடைய போனையும் பிடுங்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து குரூப்பில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஃபார்வர்டு செய்கிற அந்த ஓரிருவரைப் பிடித்தால் போதும். எரிகலனுக்குள் இருக்கும் ஓட்டத்தையும் அவர்கள் இப்படி ஒரு வலைப்பின்னலாக வரைந்தார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் சுழல் மற்ற புள்ளிகளை எவ்வளவு பாதிக்கிறது என்று கணக்கிட்டு, அதிகத் தொடர்பு வைத்திருக்கும் மையங்களைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்த இடத்தைக் குறிவைத்து மெல்லிய காற்றுத்தாரைகளைச் செலுத்தினார்கள். கலன் உறுமுவது அடங்கியது. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த இந்த வேலை, 2021-ல் இத்துறையின் முன்னணி இதழான ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வெளியானது.

இங்கே தாரை விட்டு விட்டுத் துடிக்கவில்லை, சீராகத்தான் ஊதியது. குரோவும் ஷாம்பேனும் நேரத்தைத் தேடினார்கள் என்றால், சென்னைக் குழு இடத்தைத் தேடியது.

கம்ப்யூட்டரையே கற்றுக்கொள்ள விட்டால்?

நேரம், இடம், பலம், எத்தனை வால்வு, எது முதலில். எல்லாவற்றையும் சேர்த்தால் சேர்க்கைகள் எண்ணி மாளாது. மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது. சீனாவின் ஷென்சென் நகரில் ஜோவ் யு, பெர்ண்ட் நோவாக் குழுவினர் நாசிலைச் சுற்றி ஆறு குட்டித் தாரைகளை வைத்து, கட்டுப்பாட்டை ஒரு கற்கும் புரோகிராமிடம் விட்டார்கள். கீழே இரண்டு சுடுகம்பி சென்சார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பியைச் சூடாக்கி வைத்தால், காற்று வேகமாக அடிக்கும்போது சீக்கிரம் ஆறும். சூடான இட்லியை ஊதுவது போலத்தான். அந்த ஆறுதலை வைத்து வேகத்தை அளக்கலாம். புரோகிராம் நூற்றுக்கணக்கில் ஊதும் முறைகளை முயன்று, தேறியவற்றைக் கலந்து, தேறாதவற்றைக் கழித்தது. முதலில் பாடப்புத்தக முறைகளையே ஒவ்வொன்றாகத் தானாகக் கண்டுபிடித்தது. கடைசியில், பக்கவாட்டில் ஆட்டுவதையும் சுற்றிச் சுழற்றுவதையும் சேர்த்து, அதுவரை யாரும் செய்யாத ஒரு கலவையில் வந்து நின்றது. 2020-ல் வெளியான ஆய்வு இது.   சார்டெக்ஸ் மெஷின் போல ஒவ்வொரு கணமும் பார்த்து ஊதுவது இன்னொரு படி.

அதைச் செய்வதில்தான் சிக்கல். முன்பு போட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆய்வக நாசிலில் நொடிக்கு 3,600 அதிர்வு என்றால், ஒரு சுழலுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மில்லி நொடியில் கால்பங்கு சொச்சம். சாதாரண வால்வு திறந்து மூடுவதற்குள் நாலைந்து சுழல் கடந்து போயிருக்கும். அதனால்தான் ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மோ சமிமி குழுவினர் வால்வையே தூக்கிப்போட்டுவிட்டு, 2.54 சென்டிமீட்டர் நாசிலின் விளிம்பில் எட்டு மின்பொறி முனைகளை வைத்தார்கள். பைக் ஸ்பார்க் பிளக் மாதிரி பட்பட்டென்று பொறி பறக்கும். அந்தச் சூட்டுத் துடிப்பு ஒலியைவிட வேகமான தாரையைக்கூட அசைத்தது.

உண்மையான இன்ஜினுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நொடிக்கு 90 முறை என்றால் ஒவ்வொன்றுக்கும் 11 மில்லி நொடி கிடைக்கும். வால்வுக்கு அது தாராளம். ஆனால் ஒரு மீட்டர் அகலத் தாரையின் விளிம்பு முழுவதையும் தட்ட வேண்டும், அதற்கான காற்றை இன்ஜினிலிருந்தே திருட வேண்டும், குழாய்களும் வால்வுகளும் சேர்க்கும் எடையை விமானம் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும், இருபது வருஷம் பழுதாகாமலும் இருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் தயங்குவது இந்தக் கணக்கில்தான். இப்போதைக்கு 787-லும் 737 மேக்ஸிலும் அசையாத ரம்பப் பற்கள்தான் பறந்துகொண்டிருக்கின்றன. போயிங்கின் அடுத்த பெரிய விமானமான 777எக்ஸின் இன்ஜினில் அந்தப் பற்களையும் எடுத்துவிட்டார்கள்.